மெடல் சார் எங்கள் தெருவில் ஆஜர் எடுத்த ஆறு நாள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. பெறாத இரண்டும் என் கொழுந்தன் பிள்ளைகள். எது என் வயிற்றில் வந்தது, எது வராதது என்று எங்கள் கோவில்பதாகைத் தெருவில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. இது போக, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சோறு வடித்திருக்கிறேன். அந்தத் தட்டுகளையும் சேர்த்தால் நான் வளர்த்தது எத்தனை என்று கடவுள்தான் எண்ண வேண்டும். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன். அதை வைத்துக்கொண்டு ஏழு பேரையும் கரையேற்றிவிட்டேன்.

இவ்வளவு பேரைப் பார்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள். மெடல் சார் மாதிரி ஒரு மனிதர் இந்த ஆவடிப் பக்கத்தில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. அவர் கையால் மெடல் வாங்காத உயிர் ஒன்று எங்கள் ஊரில் இருந்திருந்தால், அது அவர் கண்ணில் படாத உயிராகத்தான் இருக்கும்.

அவர் கைத்தொழில் வாத்தியார். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியரும் அவரே. ஒல்லியான ஆள். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் எது சட்டை, எது அவர் என்று தேட வேண்டும். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும், பையில் அத்தனை தகரம். பால் பவுடர் டப்பா மூடி, பெயிண்டு டப்பா மூடி, யார் வீட்டுக் குப்பையில் எது கிடந்தாலும் விடமாட்டார். வட்டமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, ஆணியால் எழுத்துப் பொறித்து, சிவப்பு ரிப்பன் கோத்து வைத்துக்கொள்வார்.

கொடுக்கும்போது சும்மா கொடுக்கமாட்டார். முதலில் கையைக் குவித்து வாயில் வைத்து, "டட்டட் டடைங்!" என்று தானே பேண்டு வாசிப்பார். பிறகு குனிந்து வணங்குவார். வாங்குகிறவன் ஆறாம் வகுப்புப் பொடியனாக இருந்தாலும் இடுப்பு வளையும் அளவு ஒன்றுதான்.

"முதல் மார்க் வாங்குறவனுக்கு ஊரே கை தட்டும். மத்த முப்பத்தொன்பது பேரு என்னம்மா பாவம் பண்ணினாங்க?" என்று என்னிடம் கேட்பார். நான் பருப்பைக் கடைந்துகொண்டே, "எனக்கு இன்னா சார் தெரியும்?" என்பேன்.

தலையில் பேன் இல்லாததற்கு ஒரு மெடல். சட்டையில் பொத்தான் மொத்தமும் இருந்ததற்கு ஒரு மெடல். பக்கத்தில் இருப்பவன் அழுதபோது பென்சிலைக் கொடுத்தவனுக்கு ஒன்று, அந்தப் பென்சிலை மறுநாள் திருப்பிக் கொடுத்தவனுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று. ஏழுமலை என்று ஒரு பையன் இருந்தான். வாயைத் திறந்தால் பொய். அவனுக்கு ஒரு நாள், 'நேற்றைவிட இன்று குறைவாகப் பொய் சொன்னவர்' என்று மெடல் கொடுத்தார். பயல் அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நேராக என் சோற்று வரிசைக்கு வந்தான்.

"ஆயா, எனுக்கு ரெண்டு முட்ட போடு. போன வாட்டி நான் துன்னவே இல்ல."

பத்து நிமிஷத்தில் மெடல் திரும்பிப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஒரு கறுப்பு நாய் வரும். மணி அடிக்கும்போது வந்து மணி அடிக்கும்போது போகும். அதற்கும் ஒரு மெடல் கட்டினார். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டுக் குதித்தார். "யோவ், நாய்க்கு மெடல் குடுத்தா பசங்க இதை எப்படிய்யா மதிப்பானுங்க?"

"நாய் மதிக்குது சார். நேத்துலேருந்து அது தரையில படுக்கலை."

ஹெட்மாஸ்டரால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. காரணம், அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் மட்டும்தான் யாரும் லீவு போடமாட்டார்கள். எந்த நாளில் எதற்கு மெடல் விழும் என்று தெரியாதே, எப்படிப் போடுவார்கள்?

தகர மெடல் அவருடைய சொந்தச் சங்கதி. பள்ளிக்கூடத்துக்கு என்று நிஜமான மரியாதை ஒன்றும் இருந்தது. ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கறுப்புப் பலகை, அதில் மஞ்சள் பெயிண்டில் பேர்கள். மூன்று வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த பிள்ளையின் பேரை ஆண்டு விழாவன்று அதில் ஏற்றுவார்கள். அதுவரை ஏறியிருந்தவர்கள் நான்கு பேர். நான்கும் ஆண் பிள்ளைகள்.

என் மூன்றாவது மகள் கஸ்தூரி ஐந்தாவதாக ஏற இருந்தாள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்றிலும் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் போயிருக்கிறாள். அவள் சித்தப்பன் கல்யாணத்தன்று, எல்லாரும் மண்டபத்தில் இருக்க, இவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆஜர் சொல்லிவிட்டுப் பந்திக்கு வந்தாள். ஆண்டு விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹெல்கா வந்தாள்.

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்தது. அவர்களுக்கும் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஓர் ஏற்பாடு. அங்கேயிருந்து ஒரு பெண் இங்கே வந்து மூன்று மாதம் படிப்பாள், இங்கேயிருந்து ஒரு பெண் அங்கே போய்ப் படிப்பாள். அப்படி வந்தவள் ஹெல்கா. பதினாலு வயது, என் வீட்டு நிலைப்படி உயரம், தலைமயிர் சோளக் கதிர் மாதிரி. அவள் கடைத்தெருவில் நடந்தால் பின்னால் இருபது பேர் நடப்பார்கள்.

மெடல் சார் காதில் சேதி விழுந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்பது மாதிரி கேட்டிருக்கிறார்.

"மேடம், அந்தப் பொண்ணை ஒரு வாரம் எங்களுக்குக் குடுங்க. பத்திரமாத் திருப்பித் தந்துடறேன். பதிலுக்கு எங்க பொண்ணு ஒண்ணை உங்க கிட்ட அனுப்புறேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களை மெடல் சார் சும்மா விடமாட்டார். அங்கேயே ஒரு தாள் வாங்கி, 'மாணவி ஒருவர், நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

பதிலுக்கு யார் போவது? அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. "கஸ்தூரிதான். திங்கட்கிழமை காலையில கெளம்பணும்." நான் அவள் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்தேன். எதிர்வீட்டில் ஷூ இரவல் வாங்கி வைத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஏழுமலை சொன்னான். அது பொய்யா நிஜமா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கஸ்தூரி வந்து கரண்டியைப் பிடித்த என் கையைத் தொட்டாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பெண் பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினோரு நாள் வீட்டுக்கு வெளியே பச்சை ஓலைக் குடிசை. தாய்மாமன் கட்ட வேண்டும், அத்தை தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆண் வாடை படக்கூடாது. யாராவது தொட்டுவிட்டால் அவர்களும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். என் தம்பி தென்னை ஓலை வெட்டிவந்து வீட்டை ஒட்டிக் குடிசை கட்டி முடிப்பதற்கும், நூம்பலில் இருந்து என் நாத்தனார் தனகோட்டி வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

நான் அண்ணி என்று கூப்பிடும் இந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அம்மா இல்லை, அக்காதான் தூக்கி வளர்த்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகிற மனிதர், கம்பெனியில் மேஸ்திரியையே எதிர்த்துப் பேசுவார். அக்கா வந்தால் மட்டும் எழுந்து நின்றுகொண்டே காபி குடிப்பார். அண்ணி வந்ததும் குடிசை வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, அதன் பக்கத்தில் தான் உட்கார்ந்து, தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"பொண்ணு பெரிய மன்சி ஆய்ட்சி. இனிமே இஸ்கூலு கிஸ்கூலு அல்லாம் வோணாம். ரெண்டு மூணு வருசம் ஊட்ல குந்திகினு சமைக்கக் கத்துக்கட்டும். அப்பால என் புள்ள கீறான்."

 நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார்.

"அக்கா, இஸ்கூல் பலகைல பொண்ணு பேரு ஏறப் போவுது. அது ஏறிச்சின்னா படிக்கட்டும். ஏறலன்னா நீ சொல்றதுதான். நான் மறுவார்த்த பேசல."

அக்காவும் சரி என்றாள். ஏன் சொல்லமாட்டாள்? பதினோரு நாள் பெண் வெளியே போக முடியாது. பலகையில் பேர் எப்படி ஏறும்? அவருக்கும் அது தெரியும். அக்காவிடமும் கெட்ட பேர் இல்லை, மகளிடமும் கெட்ட பேர் இல்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு. ஓலைக்கு உள்ளேயிருந்து கஸ்தூரி அழும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய் மெடல் சாரிடம் சொன்னேன். "சார், எனக்கும் லீவு வோணும், கஸ்தூரிக்கும் லீவு." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி சொன்னது, இவர் சொன்னது, பலகை. 

அவர் கையில் ஒரு டப்பா மூடி இருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆஜர்னா என்னம்மா? வாத்தியார், பிள்ளை, பதிவேடு மூணும் ஒரே இடத்துல இருக்கணும். அவ்வளவுதானே? நீங்க வீட்டுக்குப் போங்க."

ஒன்பதரை மணி இருக்கும். அண்ணி குடிசை வாசலில் உட்கார்ந்து உளுத்தங்களிக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் தகரச் சத்தம். எட்டிப் பார்க்கிறேன், மெடல் சார் முன்னால், கக்கத்தில் வருகைப் பதிவேடு. பின்னால் இரட்டை வரிசையில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு எதிரில் புங்க மரம். அதன் நிழலில் வரிசையை நிறுத்தினார். "பையன்கள், திரும்பு!" பையன்கள் இருபத்தைந்து பேரும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஆண் வாடைக்கு அவர் செய்த ஏற்பாடு அது. தானும் குடிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தார்.

"அன்பழகன்!"

"உள்ளேன் ஐயா!"

"ஏழுமலை!"

"உள்ளேன் ஐயா!"

வரிசையாகப் போய், "கஸ்தூரி!" என்றார்.  ஓலைக்கு உள்ளேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல்.

"உள்ளேன் ஐயா."

அவர் டிக் போட்டார். அண்ணி முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தாள்.

"இன்னாய்யா இது? பொண்ணு குந்தின ஊட்டாண்ட பட்டாளத்த இட்டுகினு வந்துகீற? மானம் மருவாதி கீதா இல்லியா?"

"இருக்குங்கம்மா. அதனாலதான் எல்லாரையும் திருப்பி நிறுத்தியிருக்கேன்."

"இது இஸ்கூலா? இது ஊடுய்யா!"

"எட்டாவது 'பி'க்குக் கட்டடம் இல்லைங்கம்மா. மூணு வருஷமா வேப்ப மரத்தடியிலதான் நடத்துறோம். இன்னைக்கு அந்த மரத்துக்குப் பதிலா இந்த மரம். நாப்பது பேரும் ஆஜர். வகுப்பு, திரும்பு!"

பட்டாளம் போய்விட்டது. அண்ணி குனிந்து, சிதறிய உளுந்தைக் கூட்டி அள்ளினாள். அவள் பேச்சுக்குப் பதில் பேசிவிட்டுப் போன முதல் ஆண் பிள்ளையை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஹெட்மாஸ்டரும் மெடல் சாரைக் கூப்பிட்டு வைத்துக் கத்தினாராம். மெடல் சார் அதே மரத்துக் கதையைச் சொல்லி, "ஒரு கட்டடம் குடுத்துட்டு அப்புறம் திட்டுங்க சார்" என்றாராம். ஹெட்மாஸ்டர் போகச் சொல்லிவிட்டாராம்.

திங்கட்கிழமை தகரச் சத்தத்தோடு ஹெல்காவும் வந்தாள். கஸ்தூரிக்குப் பதில் யாரையாவது அனுப்பியாக வேண்டுமே, ஒன்றுக்கு ஒன்று என்று வாக்குக் கொடுத்தவர் ஆயிற்றே, ஏழுமலையை அங்கே அனுப்பியிருந்தார். புதன்கிழமையே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவணை முடிவதற்கு முன்னால் வேண்டாம் என்று திரும்பி வந்த ஒரே இரவல் அவன்தான்.

ஆஜர் ஆரம்பித்தது. "கஸ்தூரி!" என்றதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. ஹெல்காவுக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்துப் பெண் எதற்கு ஓலைக்குள் இருக்கிறாள்? யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் போனாள், உலக்கையைத் தாண்டினாள், குனிந்து உள்ளே நுழைந்து கஸ்தூரி பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! தொட்டுட்டா! தீட்டு ஆய்ட்சே!" என்று அண்ணி கூவிய கூவலில் மரத்துக் காக்காய் எல்லாம் பறந்தன. ஹெல்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, மஞ்சள் தண்ணீர் குடத்தை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள்.

நான் பயந்துபோனேன். இரவல் வாங்கிவந்த பெண். என்ன ஆகுமோ? ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கைகூப்பி, "வணக்கம்!" என்றாள். பிறகு இன்னொரு குடத்துக்காகத் தலையைக் குனிந்தாள். இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

மெடல் சார் முதுகைக் காட்டியபடியே அர்த்தம் சொன்னார். "அவங்க ஊருல இப்போ பனி கொட்டுதாம்மா. இவ்வளவு அன்பா யாரும் தன்னை வரவேற்றதே இல்லைங்குது."

"வரவேற்பா? நான் தீட்டு கழிச்சேன்யா!"

"அதை நான் இங்கிலீஷ்ல சொல்றதா இல்லைம்மா."

அதற்குப் பிறகு தினமும் அதே கதை. ஹெல்கா வருவாள், உள்ளே போய் ஆஜர் முடியும்வரை கஸ்தூரியோடு உட்காருவாள், வெளியே வந்து தானாகவே அண்ணி முன்னால் தலையைக் குனிந்து நிற்பாள். அண்ணி திட்டிக்கொண்டே ஊற்றுவாள். புதன்கிழமை கஸ்தூரிக்கு நல்லெண்ணெயில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுத்தபோது ஹெல்காவும் கையை நீட்டினாள். அண்ணி கொடுத்தாள். ஒரே மடக்கு. டம்ளரைத் துடைத்துவிட்டு, "போதும்" என்றாள். மெடல் சார் சொல்லிக்கொடுத்த இரண்டாவது தமிழ் வார்த்தை அது.

"இது பொண்ணு!" என்றாள் அண்ணி என்னிடம். "நம்மள்து கீதே, மூக்கப் புடிச்சிகினு குடிக்குது."

வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றிய கையோடு அண்ணி தன் முந்தானையால் ஹெல்காவின் தலையைத் துவட்டிவிட்டாள். அப்போது ஹெல்கா ஏதோ கேட்டாள். மெடல் சார் சொன்னார்: "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கன்னு கேக்குதும்மா."

"நானா? நாலாப்பு. நூம்பல் இஸ்கூலு. வாய்ப்பாடு பதினாறு வரிக்கும் சொல்வேன். அப்பால என்னியும் ஓலைல குந்த வெச்சாங்கோ."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? அவ்ளோதான். யாரு வந்து கூப்ட்டாங்கோ?"

மெடல் சார் இதை இங்கிலீஷில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அண்ணி மனசு மாறினாள் என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம், "வாத்தியாரு கூத்தடிக்கிறான். ஒரு நாளு ஒரு கொரலு வர்லன்னா அல்லாம் முடிஞ்சிடும். சொன்ன சொல்லு ஞாபகம் வெச்சிக்க நைனா" என்றாள்.

அந்த ஒரு நாள் மறுநாளே வந்தது.

தினமும் விடியற்காலையில் தலைக்கு ஊற்றி ஊற்றிப் பெண்ணுக்குச் சளி பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை எழுந்தபோது தொண்டையில் சத்தமே இல்லை. கஷாயம் கொடுத்தேன், உப்புத் தண்ணீர் கொடுத்தேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அதற்குள் தெருமுனையில் தகரச் சத்தம். அன்றைக்கு இரண்டாம் ஷிப்டு, வீட்டுக்காரரும் வாசலில் இருந்தார்.

"கஸ்தூரி!"

சத்தம் இல்லை.

மெடல் சார் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். திரும்பவில்லை. ஆறு நாளில் ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

"கஸ்தூரி!"

ஓலைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு மூச்சு. சுவரைப் பார்த்து நின்ற பையன்கள்கூட நெளிந்தார்கள். மூன்று தடவை கூப்பிட்டு வராவிட்டால் ஆப்சென்ட், அதுதான் விதி.  அவர் பேனாவை எடுத்தார். 

"கஸ்தூரி!"

"உள்ளேன் ஐயா!"

கணீரென்று வந்தது. தெருக்கோடி வரை கேட்டது. அத்தனை தலையும் திரும்பிவிட்டது. உலக்கைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள் என் நாத்தனார் தனகோட்டி.

"யாரும்மா அது?" என்றார் மெடல் சார்.

"நான்தான்யா. பொண்ணுக்குத் தொண்ட கட்டிகிச்சி. உள்ளாரதான் கீறா. போடுய்யா."

"உங்க குரலுக்கு அவளுக்கு ஆஜர் போட முடியாதும்மா. அது பொய்யாயிடும்."

எனக்கு உயிரே போய்விட்டது. ஓலைச் சுவருக்குள் பெண் இருக்கிறாள், ஊருக்கே தெரியும். போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஏழுமலைக்குக் கொடுத்த மெடலைப் பத்து நிமிஷத்தில் பிடுங்கிய மனிதர் அவர்.

அண்ணி என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, பதினோரு நாள் ஈ எறும்பு ஆண் வாடை படாமல் காவல் காக்க வந்தவள், இரண்டு கையாலும் ஓலைத் தட்டியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"திரும்புய்யா! தோ பாரு! கீறாளா? கண்ணு தெர்தா?"

மெடல் சார் திரும்பினார். பாயில் ஹெல்கா பக்கத்தில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். வலது கையை உயரத் தூக்கியிருந்தாள். எப்போதிலிருந்து தூக்கி வைத்திருந்தாளோ.

"தெரியுதும்மா" என்றார். டிக் போட்டார். உடனே மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு, "இவ்வளவு நல்ல குரல் வீணாகக் கூடாது. உங்க பேரு?" என்றார்.

"தனகோட்டி."

"வகுப்பு?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "நாலாப்பு."

பதிவேட்டில் நாற்பதுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, நாற்பத்தொன்று என்று போட்டு எழுதினார். "தனகோட்டி!"

"அதான் சொன்னேனே."

"மறுபடி சொல்லணும்மா. விதி."

"உள்ளேன் ஐயா" என்றாள் அண்ணி. இந்தத் தடவை சத்தமே வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் யாருக்கும் தண்ணீர் ஊற்றவில்லை. ஹெல்கா தலையைக் குனிந்து வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீர் நடந்தது. திங்கட்கிழமை கஸ்தூரியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது நான் இல்லை, அவள் அத்தை. என் வீட்டுக்காரர் மட்டும், "அக்கா, பேரு இன்னும் பலகைல ஏறலியே" என்று கேட்டார். "மூடுடா" என்றாள் அக்கா. அவர் எழுந்து நின்று மீதிக் காபியைக் குடித்தார்.

மெடல் சார் ஹெல்காவைத் திருப்பி ஒப்படைத்தபோது, தலை நிறையக் கனகாம்பரம், முகமெல்லாம் மஞ்சள், இரண்டு சுற்று பெருத்தும் இருந்தாள். "நல்ல நிலையில பெற்றேன், இன்னும் நல்ல நிலையில தர்றேன்" என்று சொல்லிவிட்டு, "எங்க பொண்ணு ஒண்ணு பாக்கி இருக்கு மேடம்" என்றாராம். அதற்கு அடுத்த வாரம் ஐந்து நாளும் கஸ்தூரி எதிர்வீட்டு ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கே போய்ப் படித்தாள். இங்கே பதிவேட்டில், 'மாற்று மாணவியாகச் சென்றார்' என்று மெடல் சாரே எழுதி ஆஜர் போட்டார். ஷூ இல்லாமலும் அங்கே உள்ளே விடுவார்களாம். ஏழுமலை சொன்னது பொய்தான்.

ஆண்டு விழாவன்று பலகையில் ஐந்தாவது பேர் ஏறியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். க-ஸ்-தூ-ரி. பெயிண்டு ஈரம் காயவில்லை. எல்லாம் முடிந்து தேசிய கீதம் பாடப்போகிற நேரத்தில் மெடல் சார் மேடையில் ஏறிக் கையை வாயில் குவித்தார். "டட்டட் டடைங்! தனகோட்டி, நான்காம் வகுப்பு!"

அண்ணி நூம்பலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. அவள் எழுந்து போனாள். அவர் இடுப்பு வளைய வணங்கினார். மெடலில் என்ன எழுதியிருந்தது என்று கஸ்தூரி படித்துச் சொன்னாள்: 'கூப்பிட்டதும் பதில் சொன்னவர்.'

"இத்த வெச்சிகினு இன்னாய்யா பண்றது?" என்றாள் அண்ணி. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தகரம் அவள் சாவிக் கொத்தில் இருந்தது. கடைசிவரை இருந்தது. அவள் பிள்ளைக்குப் பூந்தமல்லியில் நாங்களே நல்ல இடத்தில் பெண் பார்த்துக் கொடுத்தோம். கஸ்தூரி பிளஸ் டூ முடித்து, மேலே படித்து, டெலிபோன் ஆபீசில் வேலைக்குப் போனாள். முதல் மாதமே அத்தைக்குத்தான் புடவை எடுத்தாள்.

மெடல் சாரை அடுத்த வருஷம் தெற்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். பஸ் ஏறும்போது கூட்டம் தாங்கவில்லை. அந்தக் கறுப்பு நாய் அம்பத்தூர் வரை ஓடியது என்று ஏழுமலை சொன்னான். அதை மட்டும் நான் நம்பினேன். இத்தனை வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும் அவருடைய நிஜப் பேர் எனக்குத் தெரியாது. பதிவேட்டில் அவர் கையெழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கோணலாக, வேகமாக இருக்கும். எனக்குப் படிக்க வரவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. இப்போது கேட்க ஆள் இல்லை. எங்கே இருந்தாலும் அவர் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும். நான் விளக்கேற்றும்போது பேர் சொல்லாமல் ஒரு ஆளுக்காகக் கும்பிடுகிறேன் என்றால் அது அவருக்குத்தான்.

போதும் கண்ணு, பேனாவ மூடு. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத மொதல்லேருந்து ஒரு வாட்டி படிச்சிக் காட்டு. மெதுவாப் படி, எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அப்புறம், அவரு வர்ற எடத்துல எல்லாம் மருவாதியா 'அவர்'னு போட்டிருக்கியான்னு பாத்துக்கினே படி. ஒரு எடத்துலகூட 'அவன்'னு வந்துடக் கூடாது.